விசா ஆலோசனைக்குப் பணம் கொடுக்கலாமா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது ஜமாஅத்தைச் சேர்ந்த பட்டதாரி இளைஞர் ஒருவர், ரூ. 60,000 வட்டியில்லாக் கடன் கேட்டுப் பைத்துல்மாலுக்கு மனுச் செய்திருந்தார். ஆஸ்திரேலியாவில் ஓராண்டு தங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய அனுமதிக்கும் விசாவுக்கு வழிகாட்ட ஓர் ஆலோசனை நிலையம் கேட்ட கட்டணம் அது. பெயர் தேர்வாகாவிட்டால் பாதித் தொகையைத் திருப்பித் தருவதாகவும் அந்நிலையத்தார் வாக்களித்துள்ளனர். இதை விசாரித்துச் சொல்லும் பொறுப்பை நிர்வாகக் குழு என்னிடம் ஒப்படைத்தது. நான் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், இத்திட்டம் பொய்யன்று. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022 ஏப்ரலில் கையெழுத்திட்ட பொருளாதார ஒத்துழைப்பு உடன்படிக்கையின் வழியாக வந்தது இது. விசாவில் இதற்கு 462 ஆம் பிரிவு என்று பெயர். இந்தியர்களுக்கு ஆண்டொன்றுக்கு 1,000 இடங்கள். வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும். பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டாண்டுக் கல்வி, ஓரளவு ஆங்கிலத் தேர்ச்சி, கையில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர் ஆகியவை தேவை. 2024 மதிப்பில் நம் பணத்தில் அது ஏறத்தாழ இரண்டே முக்கால் லட்சம் ரூபாய்.

இடத்தை நிரப்பும் முறைதான் நாம் கவனிக்க வேண்டியது. அது குலுக்கல். 2024 அக்டோபரில் முதன்முறையாகப் பதிவு திறக்கப்பட்டபோது கட்டணம் 25 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் ரூ. 1,400. கடவுச்சீட்டு, பான் அட்டை, பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களை இணையத்தில் பதிய வேண்டும். ஒருவர் ஒரு முறைதான் பதியலாம். முதல் இரண்டு வாரங்களிலேயே சுமார் 40,000 பேர் பதிந்ததாகச் செய்தி வந்தது. அந்த எண்ணிக்கையோடு நின்றிருந்தாலும் நாற்பது பேருக்கு ஓர் இடம். யார் பெயர் விழும் என்பதை எந்த ஆலோசகராலும் மாற்ற இயலாது.

இப்போது அந்தப் 'பாதிப் பணம் வாபஸ்' வாக்குறுதியைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாற்பது இளைஞர்களிடம் தலைக்கு ரூ. 60,000 வாங்குகிறார்கள். ஒருவருக்குக் குலுக்கலில் விழுகிறது. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் பாதியைத் திருப்பித் தருகிறார்கள். அப்படியும் அவர்கள் கையில் நிற்பது பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். நாற்பது பேருக்கும் கட்டிய பதிவுக் கட்டணமோ ஐம்பத்தாறாயிரம் ரூபாய். விழுந்த ஒருவருடைய படம் அடுத்த ஆண்டு விளம்பரத்தில் வரும். ஏமாற்று என்று சொல்லக்கூட இடமில்லை. சொன்ன சொல்லை அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் முப்பத்தொன்பது குடும்பங்களில் தலைக்கு முப்பதாயிரம் போய்விட்டது.

பையனின் வாப்பா என்னிடம், "ஆங்கிலப் படிவத்தில் ஒரு பிழை வந்தால் வாய்ப்பே போய்விடுமே காக்கா, அந்தப் பயத்துக்குத்தானே காசு கொடுக்கிறோம்" என்றார். நியாயமான அச்சம். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்ப முடியாத பிள்ளை, அங்கே போய் முதலாளியிடம் பேசிச் சம்பளம் வாங்குவது எப்படி? நம் பையனுக்கு அது முடியும். என் முன்னாலேயே மாதிரிக்கு எழுதிக் காட்டினான்.

சட்டத்தையும் சிறிது பார்ப்போம். வளைகுடாவுக்கு ஆள் எடுக்கும் முகவர்களை நாம் அறிவோம். 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு ரூ. 30,000 மற்றும் வரி என்ற உச்சவரம்பு உண்டு. மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவர்களைச் சரிபார்க்கலாம். விசா ஆலோசகர் ஆள் எடுப்பவர் அல்லர் என்பதால் அந்த வரம்பு அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால், "வேலையும் வாங்கித் தருகிறேன்" என்று அவர் சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து விசா ஆலோசனை வழங்குவோர் அந்நாட்டில் பதிவு பெற்ற முகவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். முகவருக்கு ஏழு இலக்க எண் உண்டு. நாகர்கோவிலில் பலகை வைத்திருப்பவருக்கு அக்கட்டாயம் இல்லை. தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவோம்?

1983 இல் நான் பம்பாய்க்குப் போனேன். உம்மாவின் இரண்டு காப்புகளை விற்ற பணம் சட்டைப் பைக்குள் இருந்தது. முகவரிடம் கொடுத்தேன். மூன்று மாதம் "நாளை வா" என்றார். ஒரு நாள் அறை பூட்டிக் கிடந்தது. பின்னர் வேறு வழியாகச் சபர் போய்ச் சம்பாதித்தேன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் காப்புகளைப் போன்ற காப்பை வாங்கிக் கொடுக்கும் முன்னே உம்மா மவுத்தாகிவிட்டார்கள். புறப்படும் முன் ஊரில் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாமே என்று இன்றும் எண்ணுகிறேன்.

ஆலோசனைக்கே பணம் கொடுக்கலாகாது என்று நான் சொல்லவில்லை. குலுக்கலில் பெயர் விழுந்த பிறகு, முன்பு விசா மறுக்கப்பட்டவர்க்கும் ஆவணங்களில் பெயர் மாறுபாடு உள்ளவர்க்கும் பதிவு பெற்ற முகவரின் உதவி பயன் தரும். அப்போதும் என்ன வேலைக்கு என்ன தொகை என்று எழுதி வாங்குங்கள், ரசீது கேளுங்கள், அசல் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பொய்யான வங்கிக் கணக்கு காட்டித் தருகிறேன் என்பாரை அண்டாதீர்கள். விண்ணப்பம் மறுக்கப்படும்போது பழி விண்ணப்பதாரர் மேல்தான் விழும்.

இந்த விசா குடியேறும் வழியன்று என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்ய இயலாது. தோட்டத்திலும் உணவகத்திலும் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

எனவே நான் முன்வைக்கும் பரிந்துரை இது. ஆலோசனைக் கட்டணத்துக்காகப் பைத்துல்மாலிலிருந்து கடன் வழங்க வேண்டாம். பதிவுக் கட்டணத்தை மட்டும் ஜமாஅத் தரட்டும். கணினி அறிந்த நம் இளைஞர்கள் இருவர் உடனிருந்து பதிந்து கொடுக்கட்டும். தேதியையும் கட்டணத்தையும் ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்திலேயே ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் விழுந்தால், 2024 இல் 650 டாலராக இருந்த விசாக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் அப்போது கடன் மனுவைப் பரிசீலிப்போம். விழாவிட்டால் அவருக்கும் நட்டமில்லை, ஜமாஅத்துக்கும் நட்டமில்லை.

பைத்துல்மால் பணம் ஏழை எளியவர் உண்டியலில் இட்ட அமானத். அதைக் குலுக்கலில் வைக்கும் உரிமை நமக்கில்லை. அந்த இளைஞரின் கனவை அலட்சியம் செய்யும் உரிமையும் நமக்கில்லை. இரண்டையும் காக்கும் வழி இதுவென்று கருதுகிறேன். முடிவு உங்களுடையது.

வஸ்ஸலாம்.