பழைய மெற்றாலிக்காவும் புதிய மெற்றாலிக்காவும்

ஒரு கலைஞனின் முற்காலப் படைப்புச் சிறந்ததா, பிற்காலப் படைப்புச் சிறந்ததா என்னும் வழக்குப் பல துறைகளிலும் உண்டு. அது மிகுந்த சூட்டுடன் நடைபெறும் துறைகளுள் ஒன்று ஹெவி மெற்றல் எனப்படும் மேனாட்டு இசை. மின் கிற்றாரின் முரட்டொலியையும் ட்றம் வாத்தியத்தின் அதிர்வையும் உயிராகக் கொண்டது இவ்விசை. மெற்றாலிக்கா என்னும் அமெரிக்கக் குழுவைப் பற்றி அதன் நெடுநாள் இரசிகர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரு கட்சிகளாய் நின்று வாதிட்டு வருகின்றனர். அவ்வாதத்தின் உட்பொருள் யாது என்பதையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

1981 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் லார்ஸ் உல்ரிச், ஜேம்ஸ் ஹெற்பீல்ட் என்னும் இரு இளைஞர்கள் இக்குழுவைத் தொடங்கினர். 1983 முதல் 1988 வரை நான்கு இசைத்தட்டுகள் வெளிவந்தன. வேகமும் நீளமும் சிக்கலான அமைப்பும் அவற்றின் இயல்புகள். பின்னர் 1991 இல், பொப் றொக் என்னும் தயாரிப்பாளரின் துணையுடன் ஐந்தாவது இசைத்தட்டு வெளிவந்தது. அதில் பாடல்கள் சுருங்கின, வேகம் தணிந்தது, ஒரு பாடலில் வாத்தியக் குழுவின் நரம்பிசையும் சேர்ந்தது. அட்டையின் நிறத்தால் அதனைக் கறுப்புத் தட்டு என்றே இரசிகர்கள் அழைப்பர். அமெரிக்காவில் மாத்திரம் 1 கோடியே 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. வழக்கின் எல்லைக்கோடும் அதுவே.

பழைய கட்சியினரின் மனக்குறையை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. தொடக்க காலத்தில் வானொலி நிலையங்கள் இக்குழுவைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. 1982 இல் பதிவான மாதிரி ஒலிநாடாவை இளைஞர்கள் தாமே பிரதி செய்து, தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பினர். குழுவின் புகழ் அவர்கள் கைவழியாகவே பரவிற்று. 1986 இல் மூன்றாவது இசைத்தட்டு வெளிவந்த சில மாதங்களில், சுவீடன் நாட்டில் நேர்ந்த பேருந்து விபத்தில் பேஸ் கிற்றார் கலைஞர் கிளிவ் பேட்டன் 24 வயதில் உயிரிழந்தார். அந்த இழப்பிலும் இரசிகர்கள் பங்கு கொண்டனர். தாம் சுமந்து வளர்த்த ஒன்று 1991 இல் திடீரென ஊர்ப்பொதுவாயிற்று என்பதே அவர்களது வருத்தம். 1996 இல் குழுவினர் நீண்ட கூந்தலைக் குறைத்துக்கொண்டு, மேலும் மாறிய இசையுடன் தோன்றியபோது அவ்வருத்தம் முற்றியது.

இனி மற்றக் கட்சி. மாற்றம் 1991 இல் தொடங்கவில்லை என்பது அவர்களின் வாதம். 1984 இல் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டிலேயே மென்மையாகத் தொடங்கும் ஒரு பாடல் இருந்தது. அப்பொழுதே சில இரசிகர்கள் குழு விலைபோய்விட்டது என்று முணுமுணுத்தனர். இன்றோ அப்பாடல் பழைய பொற்காலத்தின் செல்வமாக எண்ணப்படுகிறது! 1988 ஆம் ஆண்டின் தலைப்புப் பாடல் ஏறத்தாழ பத்து நிமிடம் நீள்வது. அதனை மேடையில் இசைத்தபோது அவையோர் சோர்ந்ததைக் கண்டதாகக் கிற்றார் கலைஞர் கேர்க் ஹமற் பின்னாளில் கூறினார். ஆகவே சுருக்கத்தை நாடியதற்குப் பணம் ஒன்றே காரணம் என்பது நியாயமாகாது.

ஆயினும் பழைய கட்சியினர் கையில் வலுவான சான்றொன்று உண்டு. 2000 ஆம் ஆண்டில், கணினி வழியே பாடல்களைப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்ரர் நிறுவனத்தின் மீது இக்குழு வழக்குத் தொடுத்தது. தம் பாடல்களைப் பகிர்ந்தோர் என 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பயனர் பெயர்களையும் கொடுத்தது. இலவச ஒலிநாடாக்களால் வளர்ந்த குழுவா இப்படிச் செய்வது என்று பலர் மனம் புண்பட்டனர். தம் உழைப்பின் மீது தமக்கே உரிமை என்றனர் கலைஞர்கள். இரண்டிலும் உண்மை உண்டு.

நேயர்களே, இவ்வழக்கில் இரு வினாக்கள் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. இசை தாழ்ந்ததா என்பது ஒன்று. இது இன்னும் எம்முடையதா என்பது மற்றொன்று. முதல் வினாவிற்குச் செவியே விடை கூறலாம். துணிவான அமைப்பில் 1986 ஆம் ஆண்டின் இசைத்தட்டே மேலானது என்பது என் கருத்து; அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதனைத் தேசிய ஒலிப்பதிவு ஏட்டிலும் சேர்த்துள்ளது. ஆனால் கறுப்புத் தட்டின் தெளிவும் எளிதில் கைவருவதன்று. இரண்டாவது வினாவைச் செவியால் தீர்க்க முடியாது. அது நன்றியையும் இளமையையும் பற்றியது. அந்த வருத்தத்தைத் தீர்ப்பாக்கி, 1991 இல் வந்து சேர்ந்தவனைப் பார்த்து நீ உண்மை இரசிகன் அல்லன் என்று கூறும்போதே அன்பு அநீதியாகின்றது. அவனுக்கும் அதுவே முதற் காதல்; அவனும் நாளை ஏதோ ஒரு மாற்றத்தை எண்ணி வருந்துவான்.

இரு இசைத்தட்டுகளையும் ஒரே மாலையில், ஆண்டை மறந்து கேட்டுப் பாருங்கள். அதன்பின் எக்கட்சியில் நின்றாலும் குற்றமில்லை.