வண்டிப் பெட்டியும் அதன் பூட்டும்

வெளிமாநிலங்களில் குடியேறித் தொழில் நடத்தும் நம்மவர்களுள் இன்று பலருடைய ஜீவனம் ஒரு சிறு சரக்கு வண்டியின்மேல் ஓடுகிறது. 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் ‘ஏஸ்’ என்னும் வண்டியை வெளியிட்டனர். ஏறத்தாழ முக்கால் டன் சுமக்கும் அந்த வண்டியைத் தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்றார்கள். வடக்கே ‘சோட்டா ஹாத்தி’ என்றார்கள். இரண்டும் ஒரே பெயர்தாம். மொழிபெயர்ப்பாளர் எவருடைய உதவியும் இன்றியே இரு மொழியினரும் ஒரே பெயரை எட்டிவிட்டனர் என்பது, அத்தொழிலில் இருக்கும் நமக்குச் சற்றுப் பொறாமை தரும் விஷயம். அந்த வண்டியையோ, அதனினும் பெரிய பிக்கப் வண்டியையோ வைத்துக்கொண்டு மின்சார வேலை, குழாய் வேலை, குளிர்சாதனப் பழுது, கலியாணச் சமையல் ஆகியவற்றைச் செய்துவருவோர் டில்லியிலும் உண்டு. மும்பையிலும், சூரத்திலும் உண்டு.

இந்த வண்டிகளுக்கெல்லாம் பின்புறம் திறந்த தொட்டி. வேலைக்காரர் நான்காம் மாடியில் இருப்பார். வண்டி கீழே சந்தில் நிற்கும். துளையிடும் இயந்திரம், குழாய்த் திருகி, அளவுகோல்கள், கம்பிச் சுருள்கள் யாவும் அதில் கிடக்கும். அவை களவு போனால் அன்றைய கூலியோடு நஷ்டம் முடிவதில்லை. ஒப்புக்கொண்ட வேலை தவறும். அடுத்த வாரத்து வேலை வேறொருவர் கைக்குப் போகும். சொந்த ஊராயின் பக்கத்துப் பட்டறையில் இரண்டு நாளைக்கு இரவல் கேட்கலாம். அயலூரில் இரவல் கேட்கும் அளவுக்கு உறவு அமைய ஆண்டுகள் ஆகும். ஆகவே தொட்டியில் பூட்டக்கூடிய ஒரு பெட்டி வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய பெட்டி என்பதே கேள்வி.

பெட்டி வாங்குவோர் முதலில் நினைப்பது பூட்டைப் பற்றி. திருடன் அதைக் கடைசியில்தான் நினைக்கிறான். டில்லியில் நாம் வசிக்கும் பகுதியில் குளிர்சாதனப் பழுது பார்க்கும் தமிழன்பர் ஒருவர் உயர்ந்த பூட்டு ஒன்றைத் திண்டுக்கல்லிலிருந்தே தருவித்து மாட்டியிருந்தார். ஒரு நாள் நடுப்பகலில், அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, பூட்டு பூட்டியபடியே தரையில் கிடந்தது. கொண்டியும் அதனோடு கிடந்தது. கொண்டியைப் பெட்டியில் பிணைத்திருந்த நான்கு திருகாணிகளின் தலையும் வெளிப்புறமாக இருந்தன. வந்தவனுக்கு ஒரு திருப்புளி போதுமாயிருந்தது. சாவி அன்பருடைய சட்டைப் பையிலேயே பத்திரமாக இருந்தது.

ஆகையால் பெட்டியைப் பார்க்கும்போது தகடு, மூடி, கீல், கொண்டி, அடிப்பிணைப்பு என்ற வரிசையில் பார்த்துவிட்டுப் பூட்டைக் கடைசியில் பார்ப்பது நலம்.

இரும்புக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் டிரங்குப் பெட்டி துணிமணிக்கு ஏற்றது. நம்மில் பலர் அத்தகைய பெட்டியோடுதான் ரயிலேறி வந்தோம். அதன்மேல் நமக்குள்ள பாசம் வேறு விஷயம். அதன் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனத்தைக்கூட எட்டாது. கையால் அழுத்தினாலே அமுங்கும். கடைக்காரர் கனத்தைக் ‘கேஜ்’ கணக்கில் சொல்லுவார். அந்த எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பதை மறத்தலாகாது. 18 கேஜ் என்பது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.6, 14 கேஜ் 2. நான்கடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள பெட்டியைக் கணக்கிட்டால், 18 கேஜில் தகடு மட்டும் 25 கிலோ, 16 கேஜில் 33 கிலோ, 14 கேஜில் 42 கிலோ ஆகிறது. முக்கால் டன் வண்டிக்கு 16 கேஜே தக்கது என்பது நம் கருத்து. அலுமினியப் பெட்டி அதே கனத்தில் மூன்றில் ஒரு பங்கு எடைதான்; துருவும் பிடிக்காது. மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் அது பெரிய அனுகூலம். ஆயின் அலுமினியம் மெதுவானது. கடப்பாரைக்கு எளிதில் இணங்கிவிடும். அதை விரும்புவோர் இன்னும் கனத்த தகடாகப் பார்த்து வாங்கவேண்டும்.

மூடியில்தான் பெரும்பாலான பெட்டிகள் தோற்கின்றன. நான்கடி நீள மூடிக்கு நடுவில் ஒரே பூட்டு இருந்தால், இரு மூலைகளும் காவலின்றி நிற்கின்றன. மூலையில் ஒரு கம்பியைச் செருகி நெம்பினால் தகடு வாய் பிளக்கும். கை நுழைய நான்கு விரற்கடை போதும். நீண்ட மூடிக்கு இரு பக்கமும் இரண்டு பூட்டு வேண்டும். அல்லது ஒரே பிடியைத் திருப்பினால் இரு கோடியிலும் உள்ளே தாழ் விழும்படியான அமைப்பு வேண்டும். மூடியின் விளிம்பு இரண்டு விரற்கடை கீழ்நோக்கி மடிந்து பெட்டியின் வாயைத் தழுவியிருக்கவேண்டும். அந்த மடிப்பு மழைநீரையும் தடுக்கும், நெம்புகோலையும் தடுக்கும். கடையிலேயே மூடியைப் பூட்டி, ஒரு மூலையை இரு கைகளாலும் மேலே தூக்கிப் பாருங்கள். கை விரல் நுழையுமளவு அது எழுந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

அடுத்தது கீல். இந்தி வழங்கும் ஊர்களில் பட்டறைக்காரரிடம் கீலுக்குக் ‘கப்ஜா’ என்று சொல்லவேண்டும். பிறர் நிலத்தைக் கைப்பற்றிக் கொள்வதற்கும் அங்கே அதே சொல்தான். ஆகவே பத்திரிகையில் ‘கப்ஜா’ என்று கண்டால் எல்லாம் கதவு சம்பந்தப்பட்டதன்று! பூட்டுக்குத் ‘தாலா’. சாவிக்கு மட்டும் சிரமமில்லை. நம் சாவியும் அவர்களுடைய ‘சாபி’யும் போர்த்துகீசியரிடமிருந்து வந்த ஒரே சொல். நிற்க. கீலின் அச்சு வெளியே தெரிந்தால், அதைச் சுத்தியாலும் ஆணியாலும் தட்டி எடுத்துவிட்டு மூடியைப் பின்புறமாகத் திறந்துவிடலாம். முன்புறப் பூட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். கீல் பெட்டிக்குள் மறைந்திருக்கவேண்டும். வெளியேதான் அமைக்க முடியுமெனில், அச்சின் இரு முனைகளையும் பற்றவைத்து மூடிவிடச் சொல்லவேண்டும்.

கொண்டியும் நாதாங்கியும் திருகாணியில் நிற்றல் கூடாது. ஒன்று பற்றவைத்திருக்கவேண்டும்; அல்லது வெளித்தலை வழவழப்பாக, உருண்டையாக உள்ள போல்ட்டைச் செருகி, நட்டைப் பெட்டியின் உட்புறம் முறுக்கியிருக்கவேண்டும். கொண்டி மடங்கிப் பூட்டும்போது போல்ட்டுத் தலைகளை அதுவே மறைக்குமாறு அமைந்தால் இன்னும் சிறப்பு.

இத்தனையும் செய்து, பெட்டியைத் தொட்டியில் சும்மா வைத்துவிட்டால், இரண்டு பேர் வந்து பெட்டியோடு தூக்கிச் செல்வார்கள். திறக்கும் வேலையை வீட்டில் ஓய்வாகச் செய்துகொள்வார்கள். ஓட்டுநர் அறையை ஒட்டி, குறுக்காகப் பெட்டியை வைத்து, தொட்டியின் தரையோடு குறைந்தது நான்கு போல்ட்டுகளால் பிணைக்கவேண்டும். போல்ட்டுத் தலை வண்டிக்கு அடியில், நட்டு பெட்டிக்குள்ளே. தரைத் தகட்டுக்கு அடியில் வெறும் வாஷர் போதாது; உள்ளங்கை அகலமுள்ள கனத்த இரும்புத் துண்டு வைக்கவேண்டும். இல்லையேல் ஓங்கி இழுக்கும்போது தரைத் தகடே கிழிந்துவிடும். துளையிடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொள்வது அவசியம். எரிபொருள் தொட்டி, பிரேக்குக் குழாய், மின்கம்பிகள் யாவும் அங்கேதான் ஓடுகின்றன. வண்டியின் அடிச்சட்டத்தில் துளையிடவோ, அதை வெட்டவோ கூடாது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கிறது.

இனி, பூட்டு. பூட்டுக்குப் பேர்போன இரு ஊர்கள் நம் நாட்டில் உண்டு: தெற்கே திண்டுக்கல், வடக்கே அலிகார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கைவேலையாகச் செய்யப்படும் பூட்டினுள் பல லீவர்கள் இருக்கும். சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கவேண்டும். ஒன்று ஒரு நூலளவு கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. லீவர் மிக மிகக் கள்ளச்சாவிக்கு இடம் குறையும். அலிகாரின் மலிவான பூட்டுகள் வந்தபின் திண்டுக்கல்லில் தொழில் சுருங்கிவிட்டது என்பது வருந்தத்தக்கதே. ஆனாலும் வண்டிப் பெட்டிக்கு எந்த ஊர்ப் பூட்டு என்பதைவிட அதன் வளையம் எத்தகையது என்பதே முக்கியம். தெருவில் கள்ளச்சாவி போட்டு நிதானமாக முயல்பவன் அரியன். நீண்ட கைப்பிடியுள்ள கம்பி வெட்டும் கத்தரியோடு வருபவனே மிகுதி. ஆதலால் வளையம் கடினப்படுத்திய எஃகாக, நல்ல பருமனாக, பூட்டிய பிறகு மிகக் குறைவாக வெளியே தெரிவதாக இருக்கவேண்டும். வளையம் முழுவதையும் உடலே மூடிக்கொள்ளும் வட்டப் பூட்டு இதற்கென்றே வந்தது. பூட்டைச் சுற்றி மூன்று பக்கமும் இரும்புக் கூடு ஒன்றைப் பெட்டியிலேயே பற்றவைத்துவிட்டால் கத்தரியின் வாய் உள்ளே நுழையாது. செலவு மிகச் சொற்பம், பலன் பெரிது.

மின்சாரத்தாலோ மின்கலத்தாலோ சுழலும் அறுப்புச் சக்கரத்துக்கு முன் இவை எவையும் நெடுநேரம் நிற்கமாட்டா. எனினும் அதன் ஓசையும் தீப்பொறியும் தெருவையே கூட்டிவிடும். ஓசையின்றி இரண்டு நிமிஷத்தில் முடியவேண்டிய வேலையைப் பதினைந்து நிமிஷ ஆரவாரமாக ஆக்குவதே பெட்டியின் பயன். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பகலில் ஆள் நடமாட்டமுள்ள தெருவுக்கு அந்தப் பதினைந்து நிமிஷம் போதும், இரவுக்குப் போதாது. விலையுயர்ந்த கருவிகளை இரவில் வீட்டுக்குள் எடுத்துச் செல்லவேண்டியதுதான்.

வடநாட்டுக் கோடையில் வெயில் 45 டிகிரியை எட்டும்போது மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெப்பம் அதனினும் மிகும். லித்தியம் மின்கலமுள்ள கருவிகளை அதற்குள் நாள் முழுவதும் விட்டுவைத்தால் மின்கலம் கெடும். எரிவாயு உருளையையும், தின்னர் போன்ற ஆவியாகும் திரவங்களையும் பூட்டிய பெட்டிக்குள் வைப்பது அபாயம். இவற்றுக்குக் காற்றோட்டம் வேண்டும். மழைநீர் எப்படியும் சிறிது புகும். அது வடிய அடித்தகட்டில் மூலைக்கொரு சிறு துளை விடலாம். பூட்டுக்கு எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. தூசு மிகுந்த ஊர்களில் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாக்கிவிடும். கிராபைட் தூள் நல்லது.

வண்டிக்கு எடுத்த காப்பீடு பொதுவாக வண்டிக்கே உரியது. தொட்டியிலுள்ள கருவிகளை அது சேர்ந்ததன்று. எனவே ஒவ்வொரு கருவியின் பெயர், அதன்மேல் பொறித்த எண், வாங்கிய நாள், விலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருத்தல் நன்று. உள்ளூர் மொழி எழுதத் தெரியாதவர்கள் ஆங்கிலத்திலாவது எழுதி வைக்கட்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, களவு எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வாய்மொழியாகவும் சொல்லலாம், மின்னணு வழியிலும் அனுப்பலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் சென்று கையொப்பமிடவேண்டும். போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்தால் நடைமுறை வேறாகிவிடும்; பட்டியலில் விலையையும் குறிக்கச் சொன்னது அதனாலேயே. பதிவான முதல் தகவல் அறிக்கையின் பிரதி ஒன்றைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.