பெல் வேண்டாம், அட்டை போதும்

(வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக, சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரும் விடுமுறையில் நம் சங்க அறையில் பிள்ளைகளுக்கு வரலாற்று வினாடி வினா நடத்துவதாக முடிவாகியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இது இன்னொரு போட்டி, அவ்வளவுதான். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து தெரிந்ததைச் சொல்வதற்கும், தப்பாகச் சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பைத் தாங்குவதற்கும் அவர்களுக்கு வாய்ப்பு குறைவு. முதல் முறையே வாயடைத்துப் போகும் பிள்ளை மறுமுறை வராது. அதனால்தான் தயாரிப்பைப் பற்றிப் பேச வந்தேன்.

கேள்விகளை நீங்கள் எழுதாதீர்கள். பிள்ளைகள் எழுதட்டும். அஞ்சலட்டை அளவு அட்டை போதும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை, அதற்குக் கீழே 'இது எனக்கு எங்கிருந்து தெரிந்தது' என்று ஒரு வரி. அந்த வரி இல்லாத அட்டை செல்லாது. 'வாட்ஸ்அப்பில் வந்தது' என்று எழுதினாலும் செல்லாது!

கேள்விக்காக மௌரியர், மொகலாயர் வரை போக வேண்டியதில்லை. பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், சரளை எடுத்த குழியில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியது அந்தக் கல்லிலிருந்துதான். நாம் மின்சார ரயிலில் தினமும் கடக்கிற ஊர் அது. முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலும் அங்கே இருக்கிறது. இன்று அது தர்கா. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் பக்கம்தான். குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் தோல் தொழிற்சாலை.

ஃபூட்டைப் பற்றி 'எந்த ஆண்டு?' என்று ஓர் அட்டை எழுதட்டும், தப்பில்லை. கூடவே, 'ஒரு கல் தானாக உடைந்ததா, மனிதன் செதுக்கியதா, எப்படிக் கண்டுபிடிப்பாய்?' என்று இன்னோர் அட்டையும் வேண்டும். இரண்டு பக்கமும் சில்லுகள் ஒழுங்காகப் பெயர்க்கப்பட்டிருக்கின்றனவா, விளிம்பு கூராக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த விடையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆண்டு மறந்தாலும் பரவாயில்லை.

கேள்வி சரியாக அமைவது எவ்வளவு கஷ்டம் என்பதும் அட்டை எழுதும்போதுதான் தெரியும். 'வண்டலூர் உயிரியல் பூங்கா எப்போது தொடங்கியது?' ஒரு பிள்ளை 1855 என்னும், இன்னொன்று 1985 என்னும். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியக வளாகத்தில் அதைத் தொடங்கியது 1855-இல், வண்டலூரில் திறந்தது 1985-இல். இங்கே தப்பு கேள்வியில். வீட்டிலேயே ஒரு தடவை சண்டை போட்டுத் திருத்திக்கொண்டால், அன்று மேடையில் சண்டை வராது.

அடுத்தது மனப்பாடம். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படித்த ஐந்து நிமிடத்தில் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஆகவே இன்று ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை அட்டையைக் காட்டிக் கேளுங்கள். காலை பத்து நிமிடம் போதும். பின்னால் என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

போட்டியன்று பெல் வைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். பெல் இருந்தால் கை வேகமுள்ள இரண்டு பேர் மட்டுமே விளையாடுவார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிலேட்டு, முப்பது வினாடி, எல்லோரும் எழுதிக் காட்ட வேண்டும். சரியாக எழுதிய அணிகள் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். அணியில் எட்டு வயதும் பதினான்கு வயதும் கலந்திருக்கட்டும். அண்ணன், தங்கை ஒரே அணியில் வேண்டாம்.

பெற்றோர் அறைக்கு வெளியே இருப்பது நல்லது. புருவத்தாலேயே விடை சொல்லும் அப்பாக்கள் நம் தெருவிலும் உண்டு.

அட்டைகளைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஆதார வரியைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பெயர் கொடுங்கள்.