கைநாட்டிலிருந்து கைப்பேசி வரை

(ஆரம்பாக்கத்தில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

    

வெள்ளிவிழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. கழகத்தின் கால் நூற்றாண்டுப் பணியை எனக்கு முன் பேசிய அன்பர்கள் விரிவாக எடுத்துரைத்துவிட்டார்கள். ஆகவே என் வாழ்த்தோடு ஒரு கவலையையும் சேர்த்து உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பையும் நம் தாய்மார்களின் சேமிப்பையும் பற்றிய கவலை என்பதால், அதை விழா நாளில் பேசுவது தவறாகாது என்று கருதுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தோன்றியபோது, வெளியூரில் வேலை பார்க்கும் மகனோடு ஒரு நிமிடம் பேசுவதற்குக் கடைத்தெருவின் எஸ்.டி.டி. பூத்தில் காத்துக் கிடந்தோம். இன்று ஏரியில் வலையிழுக்கும் தம்பியின் மடியிலும், கூடை சுமக்கும் அக்காவின் சுருக்குப்பையிலும் கைப்பேசி இருக்கிறது. காலம் மாறிவிட்டது. ஆனால் நம்மை ஏமாற்றுகிறவனின் நோக்கம் மாறவில்லை. அவன் கையாளும் கருவிதான் மாறியிருக்கிறது.

கழகத்தை நிறுவிய பெரியோர் கொண்ட முதற் குறிக்கோள் மிக எளியது. நம் மக்களில் ஒருவரும் இனிக் கைநாட்டு வைக்கக் கூடாது. கையெழுத்துப் போட வேண்டும். 1990களில் அறிவொளி இயக்கம் ஏற்றி வைத்த விளக்கை அவர்கள் அணையாமல் காக்க நினைத்தார்கள். கையெழுத்துக்கு அத்தனை முக்கியத்துவம் ஏன் என்று இளைஞர்கள் கேட்கலாம். அதற்கு விடை நம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அன்று இந்த வட்டாரமெல்லாம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர், நம் மக்களின் நிலையை ஆராய்ந்து 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மையே இவர்களின் அடிமைத்தனத்திற்கு வேர் என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையின் வழியே நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அப்படியிருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. கடனுக்கென்று நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தவன், அது கிரயப் பத்திரம் என்று அறியாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாதவனின் கட்டைவிரல், அவனுடைய நிலத்தை அவனிடமிருந்தே பறித்தது.

அன்பர்களே! அந்தக் கட்டைவிரல் இன்று மீண்டும் வந்திருக்கிறது. ரேஷன் கடையில் விரல் வைக்கிறோம். சிம் கார்டு வாங்கும்போது விரல் வைக்கிறோம். வங்கி முகவர் கொண்டுவரும் சிறு இயந்திரத்தில் விரல் வைத்துப் பணம் எடுக்கிறோம். பட்டம் பெற்ற பிள்ளையும் விரல் வைக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் விரல் வைக்கிறார். அந்த இயந்திரத்தில் என்ன எழுதப்படுகிறது என்று இருவரில் எவருக்குத் தெரியும்?

நான் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் தவிர்த்துவிடுகிறேன். நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு தந்தை; ஏரியில் இறால் பிடித்துப் பிழைப்பவர். அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒருநாள் அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. மகளின் பெயர், கல்லூரி, படிக்கும் ஆண்டு, விண்ணப்பித்திருந்த உதவித்தொகை என எல்லாவற்றையும் அழைத்தவன் பிசகில்லாமல் சொன்னான். "உங்கள் மகளின் உதவித்தொகை வந்துவிட்டது. நான் அனுப்பும் படத்தை ஸ்கேன் செய்து, உங்கள் இரகசிய எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்கில் ஏறிவிடும்" என்றான். அவர் போட்டார். ஏறவேண்டிய பணம் ஏறவில்லை. புதிய வலைக்கென்று சேர்த்து வைத்திருந்த 8,200 ரூபாய் போயிற்று.

நான்கு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. படித்த மகளின் முன் ஏமாளியாக நிற்க வெட்கம். ஐந்தாம் நாள் என்னிடம் வந்து அவர் கேட்ட முதற்கேள்வி பணத்தைப் பற்றியதன்று. "ஐயா, என் மகள் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இன்று இந்த அவையின் முன் வைக்கிறேன். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. இது அவருக்குத் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார் என்பது உண்மையே. ஆனால் திருட்டு அந்த எண்ணைப் போட்ட நேரத்தில் தொடங்கவில்லை. மகளின் விவரங்கள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போயினவோ, அங்கேயே தொடங்கிவிட்டது. தூண்டில் போடுகிறவன் மீனுக்கேற்ற இரையைத் தேடுவான் என்பது ஏரிக்கரையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் பெயரும் படிப்பும் சாதிச் சான்றும் அவனுக்கு இரையாகின்றன.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. ஜார்க்கண்ட் மாநிலத்தில் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை கொள்ளை போனதை 2020 நவம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. தரகர்களும் வங்கி முகவர்களும் பள்ளிகளைச் சேர்ந்த சிலரும் கூட்டுச் சேர்ந்து, ஏழைப் பெற்றோரின் ஆதார் எண்ணையும் விரல்ரேகையையும் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கையில் சிறு தொகையைக் கொடுத்துவிட்டு மீதியைச் சுருட்டிக்கொண்டார்கள். ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் இரகசிய எண்ணும் இல்லை, ஓ.டி.பி.யும் இல்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை ஆகிய மூன்றே போதும். ஆகவேதான் விரல்ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியை ஆதார் ஆணையம் அளித்திருக்கிறது. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது பூட்டிக்கொள்ளலாம். முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார் நகலையும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். நம்மில் எத்தனை பேர் இவற்றைச் செய்திருக்கிறோம்?

"அந்தரங்கம் என்பதெல்லாம் வசதி படைத்தவர்களின் கவலை, ஏழைக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. இதே வாதம் உச்ச நீதிமன்றத்திலும் எழுந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஏழைக்குச் சோறு போதும், உரிமை வேண்டாம் என்ற வாதத்தை அத்தீர்ப்பு ஏற்கவில்லை. மலக்குழிச் சாவுகளுக்கு எதிராகப் போராடிவரும் பெஜவாடா வில்சன், ஆதார் தொடர்பாக உச்ச நீதிமன்றத்தை நாடியவர்களில் ஒருவர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஏனெனில் தன் பெயரும் சாதியும் எந்தப் பட்டியலில் ஏறுகின்றன, எதில் விடுபடுகின்றன என்பது நம் மக்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. பழவேற்காட்டு ஏரியின் பாட்டு முறையை அறிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பாட்டில் பெயர் இல்லாதவனுக்கு, கையில் வலை இருந்தும் நீரில் இடமில்லை.

ஏமாற்றுகிறவர்கள் நம்மிடம் தேடுவது இரண்டை. ஒன்று நம் தேவை. மற்றொன்று நம் அச்சம்.

தேவைக்குக் கடன் செயலிகளைச் சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டில் அப்போது அடுப்பெரிய வழி தேட வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஐயாயிரம் என்று கைப்பேசி அழைக்கிறது. செயலியை ஏற்றும்போது "அனுமதி" என்று வரும் இடத்திலெல்லாம் விரலை வைக்கிறோம். நம் உறவினர் அனைவரின் எண்களும், வீட்டுப் பெண்களின் படங்களும் அந்த நொடியிலேயே அடகு போகின்றன. தவணை தவறினால், படத்தைச் சிதைத்து உறவினருக்கெல்லாம் அனுப்பி மானத்தை வாங்குகிறார்கள். இதனால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. எனவே அவற்றைக் கேட்கும் செயலி, கேட்கும்போதே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வேலை தேடும் இளைஞர்கள் இன்னொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் மியான்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, பிறரை இணையத்தில் ஏமாற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மறுத்தவர்களுக்கு அடி விழுந்தது. 2022இல் அவர்களை மீட்கக் கோரித் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. நம்மை அழைத்து ஏமாற்றும் குரலுக்குப் பின்னாலும் சில வேளை ஓர் ஏழைத் தாயின் மகன் சிறைப்பட்டிருக்கிறான் என்பது எத்தனை கொடுமை!

அடுத்தது அச்சம். காவல் அதிகாரி போல் உடையணிந்து காணொளியில் தோன்றி, "உன் பெயரில் வழக்கு இருக்கிறது, அறையை விட்டு நகராதே, யாரிடமும் பேசாதே" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். இதற்கு டிஜிட்டல் கைது என்று பெயர். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பிரதமரே 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையில் இதை எச்சரித்தார். காக்கிச் சட்டையைக் கண்டாலே ஒடுங்கிப்போகும்படி தலைமுறை தலைமுறையாக அச்சுறுத்தப்பட்ட மக்கள் நாம். அந்தப் பழைய அச்சத்தையே இவர்கள் புதிய முதலாக்குகிறார்கள்.

அப்படியானால் கைப்பேசியை ஏரியில் வீசிவிடலாமா? கூடாது. இயந்திரங்களே தீமைக்குக் காரணம் என்ற வாதத்தை 1945இல் வெளிவந்த தம் நூலில் அண்ணல் அம்பேத்கர் மறுத்தார். உழைக்கும் மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் கிடைக்க இயந்திரம் வேண்டும். குறை இயந்திரத்தில் இல்லை, அதன் பயனைச் சிலரே கைப்பற்றிக்கொள்ளும் சமுதாய அமைப்பில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து. நம் அனுபவமும் அதுவே. கை படாமல் சில்லறையைத் தூக்கிப் போட்ட கடைக்காரர்களை நம் பெரியோர் அறிவார்கள். இன்று மீன் விற்கும் அக்காவின் கூடையருகே இருக்கும் கியூ.ஆர். அட்டை சாதி கேட்பதில்லை. வந்த பணம் அவருடைய கணக்கிலேயே சேர்கிறது. இதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆளக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி, சற்றுக் கசப்பான ஒன்று. அந்தத் தந்தையின் கேள்விக்கு விடை தேடியபோது நான் முதலில் நினைத்தவை ஜெராக்ஸ் கடையும் விண்ணப்பம் நிரப்பித் தரும் கணினி மையமும்தான். பிறகு நம் கழகத்தையே எண்ணிப் பார்த்தேன். உதவி பெறும் மாணவர்களின் பெயர், கல்லூரி, தொலைபேசி எண் அடங்கிய பட்டியலை, நல்லெண்ணத்தோடுதான், வாட்ஸ்அப் குழுவில் நாமே போட்டிருக்கிறோம். அப்பட்டியலைத் தட்டச்சு செய்தவர்களில் நானும் ஒருவன். அவருடைய மகளின் பெயரும் அதில் இருந்தது. அதிலிருந்துதான் விவரம் போயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. போகவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தத் தந்தையிடம் இதை நான் ஒளிக்கவில்லை.

ஆகவே வெள்ளிவிழா ஆண்டில் கழகம் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, தேவைக்கு மேல் எவரிடமும் ஆதார் நகல் வாங்கக் கூடாது. வாங்கியதை வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பயனாளிகளின் பட்டியலைப் பொதுவில் வெளியிடக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்திருக்கும் நெறியும் இதுவே. எந்த அலுவலகத்தில் விவரம் கேட்டாலும் "எதற்காக?" என்று மரியாதையோடு கேட்கும் துணிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டும்.

இரண்டாவது, ஆரம்பாக்கம், எளாவூர், சுண்ணாம்புக்குளம் என ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இளைஞர்களையாவது பயிற்றுவித்து, மாலை வேளைகளில் தாய்மார்களுக்குக் கைப்பேசி வகுப்பு நடத்த வேண்டும். விரல்ரேகையைப் பூட்டுவது எப்படி, வங்கிக் குறுஞ்செய்தியைப் படிப்பது எப்படி, நம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று அரசின் சஞ்சார் சாதி தளத்தில் பார்ப்பது எப்படி என்பவையே அதன் பாடங்களாகட்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றினும் முக்கியம். ஏமாந்தவரை எள்ளி நகையாடாதீர்கள். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போகுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. உடனே வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தாலும், அவர் முறையிட்ட பிறகு போகும் பணத்திற்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்தது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் பணமே. அந்தத் தந்தைக்கு நான்கு நாள் இழப்பானது வெட்கத்தினால். அவர் வெட்கப்பட்டது நம்மை எண்ணித்தானே? நாம் சிரிப்போம் என்று அஞ்சித்தானே?

அவருடைய மகள் இப்போது இறுதியாண்டு படிக்கிறாள். இந்த மாலை வகுப்பை எங்கள் ஊரில் நானே எடுக்கிறேன் என்று அவள் முன்வந்திருக்கிறாள். அவளுடைய முதல் மாணவராகத் தந்தையே உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். இவ்விழாவில் நான் கேட்ட நற்செய்திகளுள் தலையாயது அதுவே.

அன்று கையெழுத்துக் கற்பித்த கழகம் இன்று இந்த இரண்டாம் எழுத்தறிவையும் கற்பிக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.