வாசலில் நின்ற மூத்த மகன்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றிய உரை)



விசுவாச வாழ்க்கைக்குத் தடையாக நிற்பவை பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, போதகர் ஒருவரைக் கேளுங்கள் என்றேன். நோயைப் பற்றி வைத்தியரே பேசட்டும் என்றார். நான் இன்று வைத்தியராக மட்டுமல்ல, அந்த நோய் கண்டவளாகவும் பேசுகிறேன்.

விடுதியில் இருந்த காலத்தில் தடைகள் எல்லாம் மதிலுக்கு வெளியே இருப்பதாக நினைத்தோம். சினிமா, கூடாத நட்பு, கொழும்பு ஆடம்பரம். நாற்பதைத் தாண்டிய பின் பார்த்தால் என்னைத் தடுத்தவை வேறு. வேலைக் களைப்பில் ஜெபம் சுருங்கியது. பிறர் வீட்டோடு என் வீட்டை ஒப்பிட்டதில் நன்றி குறைந்தது. இவை இரண்டையும் ஓய்வும் ஒழுங்கும் ஓரளவு சரிசெய்யும். மூன்றாவது தடை அப்படி விலகவில்லை. அது மனக்கசப்பு.

எனக்கு 13 வயது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து ஓர் ஆலயத்துக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். மழை நாள், செருப்பெல்லாம் சேறு. அங்கிருந்த ஒரு பெரியவர் என் காலைப் பார்த்தார். "தோட்டத்துப் பிள்ளையா? பின்னுக்கு நில்லுங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரலை 20 வருடத்துக்கு மேல் சுமந்தேன். நான் வைத்தியராகப் படித்ததில் பாதி அவருக்குப் பதில் சொல்லத்தான். மன்னிப்பைக் கேட்கும் ஜெபத்தை ஒவ்வொரு ஞாயிறும் வாய் சொல்லும்; மனம் அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போகும்.

பிறகு ஒருநாள் மாலை, காய்ச்சலில் துவண்ட பிள்ளையோடு ஒரு தாய் வந்தார். தலையில் இன்னும் கொழுந்து வாசம். "புள்ளைய இவ்வளவு நேரம் வச்சிக்கிட்டு என்ன செஞ்சீங்க?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவர் தலை குனிந்து, "பாதியில எறங்குனா அரப்பேருதான் போடுவாங்க, டொக்டரம்மா" என்றார். அரைப்பேரின் கணக்கு எனக்குத் தெரியாததா? என் அம்மாவும் மலையில் நின்றவர்தானே. அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்தது அந்தப் பெரியவரின் குரல் என்று உணர்ந்தேன். நாம் மன்னிக்க மறுத்ததை நம்மையறியாமல் கற்றுக்கொள்கிறோம்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தின் மூத்த மகனை நினைத்துப் பாருங்கள். அவன் ஊதாரி அல்ல. நாள் முழுதும் வயலில் உழைத்தவன். வீட்டு வாசல்வரை வந்தும் உள்ளே போகவில்லை. ஊழியம் செய்து கொண்டே நாமும் வெளியில் நிற்கலாம்.

எனக்கு நேர்ந்தது சிறியது. நம் நாட்டில் ஒரு பெண் வைத்தியருக்குப் பெரிதாகவே நேர்ந்தது. கனடாவில் பிறந்த டாக்டர் மேரி, 1896இல் யாழ்ப்பாணத்து மிஷன் பணிக்கென வந்தவர். தமிழரான சாமுவேல் கனகரத்தினத்தை அவர் மணந்ததை மிஷன் ஏற்கவில்லை, பணி போயிற்று. காயம் வந்தது விசுவாசிகளின் கையால். அவரோ நாட்டை விட்டுப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தார். கிராமப் பெண்களுக்காக 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். 1958இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. அவர் மனதுக்குள் என்ன போராட்டம் நடந்தது என்பதை ஆண்டவர் அறிவார். மூடிய ஒரு கதவு அவருடைய கைகளைக் கட்டிப்போடவில்லை என்பதை நாம் காண்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மன்னிப்பது என்பது அநியாயத்தை நியாயம் என்பதல்ல. அடிக்கும் கணவனிடம் "பொறுத்துப் போ" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது மன்னிப்பு அல்ல. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது விசுவாசக் குறைவும் அல்ல. அது நோயாக இருக்கலாம், வைத்தியரிடம் வாருங்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். அந்தத் தாயிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். நம் பாடசாலையின் பழைய ஆசிரியை ஒருவரிடம் முழுக்கதையையும் சொன்னேன். அவர் அறிவுரை கூறவில்லை. "அந்த அம்மாவின் பேரைச் சொல்லித் தினமும் ஜெபி, மனம் வராவிட்டாலும்" என்றார். முதல் மாதம் பெயர் மட்டும்தான் வந்தது. பிறகு கோபம் வந்தது, அழுகை வந்தது. ஒருநாள் அவருக்கும் வயதாகியிருக்குமே, முழங்கால் வலிக்குமே என்ற நினைப்பு வந்தது. அன்று எனக்குள் ஏதோ இளகிற்று. இன்னும் சில நாட்களில் பழைய குரல் கேட்கிறது. அப்போது மறுபடி தொடங்குகிறேன்.

சகோதரிகளே, இந்த 100 ஆண்டில் இங்கிருந்து போன நம்மில் பலர் பட்டங்களோடு ஏதோவொரு பெயரையும் சுமந்து போயிருப்போம். மூத்த மகன் கடைசியில் உள்ளே போனானா என்று ஆண்டவர் சொல்லவில்லை. தகப்பன் வெளியே வந்து அவனிடம் கெஞ்சினார் என்பதோடு கதை நிற்கிறது. மிச்சம் நம்முடையது. இன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலோ ரயிலிலோ அந்தப் பெயரை ஒரு தடவை ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கர்த்தர் உங்களையும் நம் பாடசாலையையும் ஆசீர்வதிப்பாராக.