முள்ளங்கிப் பரிசு



கோலா சுங்கை பாரு வட்டாரத்தில், தோட்டமானாலும் தாமானானாலும், மாலையில் பிள்ளைகள் கூடி ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். அந்தக் கூட்டத்தில் சேராமல் ஒரு பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். கால் சூம்பியிருக்கும், அல்லது வளர்ச்சி குன்றியிருக்கும். 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது நம் பரிதாபம்தானா?

இதற்கு விடை சொல்லும் நூல் ஒன்று உண்டு. ஜப்பானியப் பெண்மணி தெத்சுகோ குரோயானாகி எழுதி 1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'டோட்டோ சான்'. தமிழிலும் வந்திருக்கிறது. கதைபோல இருந்தாலும், அது அவர் தம் பள்ளி நாட்களை நினைத்து எழுதியது. 1937இல் சோசாக்கு கோபயாஷி என்பவர் தோக்கியோவில் தொடங்கிய தோமோயே பள்ளியில் அவர் படித்தார். பழைய ரயில் பெட்டிகளே அங்கு வகுப்பறைகள்.

வகுப்புத் தோழன் யாசுவாக்கிக்கு இளம்பிள்ளை வாதம். மரமேறி அறியாதவன். சிறுமி டோட்டோ சான் அவனைத் தன் மரத்துக்கு அழைத்தாள். சாதாரண ஏணியில் அவனால் ஏற முடியவில்லை. அவள் சோர்ந்துவிடவில்லை, இரட்டை ஏணியைத் தேடி இழுத்து வந்தாள். வியர்வை சொட்டச் சொட்ட அவனை மேலே ஏற்றிவிட்டாள்.

தாக்காஹாஷி என்னும் மாணவன் மிகவும் குள்ளம், கைகால்களும் குட்டை. அந்தப் பள்ளியின் விளையாட்டுப் போட்டியில் துணி மீனுக்குள் புகுந்து வெளிவரும் ஓட்டம் உண்டு. பெரிய உடம்புக்காரர்கள் உள்ளே திணறும்போது அவன் சட்டென்று வெளியே வந்துவிடுவான். போட்டிக்குப் போட்டி அவனே முதல்! தலைமையாசிரியர் போட்டிகளை அப்படித் திட்டமிட்டிருந்தார். பரிசு என்ன தெரியுமா? முள்ளங்கியும் கீரையும்! பிள்ளைகள் முதலில் கூச்சப்பட்டார்கள். சொந்த உழைப்பால் வீட்டுக்கு உணவு கொண்டு போவது பெருமையல்லவா என்று அவர் எடுத்துச் சொன்னார். உழைத்துச் சாப்பிடும் நமக்கு இது விளங்காதா?

இன்னொரு நாள், பாடம் நடத்திய ஆசிரியை ஒருவர், உனக்கு வால் உண்டுதானே என்று தாக்காஹாஷியிடம் வேடிக்கையாகக் கேட்டுவிட்டார். தலைமையாசிரியர் அவரைத் தனியே அழைத்துக் கடுமையாகக் கண்டித்தார். ஆசிரியை கேட்டது விளையாட்டுக்குத்தான். ஆனாலும் அந்தச் சொல் பிள்ளையின் மனத்தில் எப்படித் தைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தாய்மார்களே, தந்தைமார்களே, 'நொண்டி', 'குள்ளன்' என்ற பட்டப்பெயர்களைப் பிள்ளைகள் எங்கே கற்கிறார்கள்? பெரும்பாலும் நம் வாயிலிருந்துதான். மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்னும் கொள்கையை நம் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே, வெட்கப்பட்டு அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்துவிடாதீர்கள். ஆனால், பள்ளிக்குள் நுழைந்த பிள்ளையை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தால் முடியாது. அதை உங்கள் வீட்டுப் பிள்ளைதான் செய்ய வேண்டும்.

தோமோயே பள்ளி 1945இல் போர்க்கால வான் தாக்குதலில் எரிந்துபோனது. அங்கே கற்ற அன்பு எரியவில்லை. இன்று மாலை உங்கள் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பியும் ஜெயிக்கக்கூடிய ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடி."