பிடித்த மீனும் பதித்த நினைவும்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

  

இன்று இந்த மேடையில் வெற்றிக் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தகடு உண்டு. என்ன போட்டி, எந்த ஆண்டு, வென்றவர் யார் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டால் கோப்பை என்ன ஆகும்? வெறும் பாத்திரம்தான்! பத்து ஆண்டு கழித்து அதைப் பார்க்கிறவர், "இது யாருது? எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

மீன் பிடிப்பவர்களுக்கும் இப்படி ஒரு கோப்பை உண்டு. வாழ்நாளில் ஒருமுறை தூண்டிலில் சிக்கும் பெரிய மீனே அது. அந்த மீனின் நினைவை மனிதர்கள் எப்படியெல்லாம் காத்தார்கள், நாம் எப்படிக் காக்கலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். "இதென்ன வாத்தியாரே, பரிசளிப்பு விழாவில் மீன் கதை?" என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள், காரணம் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா போய் வந்தார்கள். காலையில் முதல் வேலையாகத் தேக்காச் சந்தைக்குப் போனோம். சிராங்கூன் சாலையின் பூக்கடை மணத்தைத் தாண்டி உள்ளே நுழைந்தால் ஈரத் தரையும் மீன் வாடையும்! வவ்வால், சங்கரா, கொடுவா, திருக்கை, தெங்கிரி என்று பனிக்கட்டியின் மேல் பரப்பி வைத்திருந்தார்கள். நம் மாணவன் ஒருவன் ஒரு பெரிய கொடுவாவைப் பார்த்து, "அண்ணே, இதை எங்க புடிச்சது? யாரு புடிச்சது?" என்று கேட்டான். கடைக்காரர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் எனக்கு எப்படித் தம்பி தெரியும்? ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்துல எடுத்தாறோம். விலை வேணும்னா சொல்றேன்" என்றார்.

அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தைக்கு வந்த மீனுக்கு விலை இருந்தால் போதும். ஆனால் நினைவில் நிற்க வேண்டிய மீனுக்கு விலை போதாது. ஊர், நாள், அளவு, பிடித்தவர் பெயர் ஆகிய நான்கும் வேண்டும்.

பிடித்த மீனின் நினைவைக் காப்பது நேற்று முளைத்த பழக்கமன்று. நம் பத்துப்பாட்டு நூல்களில் ஒன்றான பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைக் காட்டுகிறார். முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குப் போகவில்லை. சினைச்சுறாவின் கொம்பை நட்டுவைத்து அதில் தெய்வம் உறைவதாக வழிபட்டார்கள். அந்தக் கொம்பு, வாள்போல் நீண்ட மூக்கில் இருபுறமும் பற்கள் கொண்ட வேளா மீனின் கொம்பாக இருக்கலாம் என்பாரும் உண்டு. கடல் தந்த பெரும் பரிசைக் கறியாக்கித் தின்றதோடு விடாமல், அதன் அடையாளத்தை மண்ணில் நட்டு வணங்கினார்கள் நம் முன்னோர்!

வேளாவின் கொம்பைக் காயவைத்து வீட்டில் மாட்டும் வழக்கம் உலகின் பல கரைகளில் இருந்தது. இன்று உலகத்தில் எஞ்சியுள்ள ஐந்து வகை வேளாக்களும் அழியும் நிலையில் உள்ளவை. 2001-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் அவற்றைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஒரு பழைய வீட்டில் அப்படிப்பட்ட கொம்பு ஒன்று தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஊரும் ஆண்டும் எழுதியிருந்தால், "இந்தக் கரையில் இந்த ஆண்டு வரை வேளா வாழ்ந்தது" என்று அது சாட்சி சொல்லும். எழுதாவிட்டால் அது சுவர் அலங்காரம், அவ்வளவுதான்.

தேக்காவிலிருந்து நாங்கள் போனது கெண்ட் ரிட்ஜில், தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு. அந்தச் சேகரிப்பில் ஏழுவரி ஆமை ஒன்று இருக்கிறது. மலாய்க்காரர்கள் பெலிம்பிங் ஆமை என்று சொல்வார்களே, அதுதான். 1883-ஆம் ஆண்டு சிங்கப்பூரின் சிக்லாப் கரையில் கிடைத்தது. இன்று சிக்லாப்பில் நின்று பார்த்தால் கடல் எங்கே? 1966-இல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்பில் கடல் வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. அந்தக் கரையும் இல்லை, அங்கிருந்த மீனவக் கம்பங்களும் இல்லை. "சிக்லாப், 1883" என்ற இரண்டு சொல்தான் அந்த ஆமையைப் பேசவைக்கிறது.

அந்தச் சேகரிப்பு தானாக நிலைத்துவிடவில்லை, பிள்ளைகளே. 1887-இல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் திறந்த ராபிள்ஸ் அரும்பொருளகக் கட்டடத்தில் அது இருந்தது. பிறகு அந்தக் கட்டடம் வரலாற்றுக்கும் கலைக்கும் என்று ஆனபோது, 1972-இல் விலங்கியல் சேகரிப்பு பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. நிலையான இடமில்லை. பெட்டியும் ஜாடியுமாக இடம் விட்டு இடம் மாறியது. சேகரிப்புக் காப்பாளராக இருந்த யாங் சாங் மான் அம்மையார் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார். 1987-இல் கெண்ட் ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது. 2015 ஏப்ரலில் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உயிரின மாதிரிகள் அங்கே உள்ளன. யாரோ ஒருவர் "இந்தப் பழைய மீன் ஜாடியெல்லாம் எதுக்கு? தூக்கிப் போடு" என்று சொல்லி, மற்றவர்கள் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

ஜாடியில் மீனைக் காப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பார்மலினில் ஊறவைத்துச் சதை அழுகாமல் உறுதிப்படுத்துவார்கள். பிறகு சாராயச் சத்துள்ள ஆல்கஹாலுக்கு மாற்றுவார்கள். உருவம் நிற்கும், நிறம் போய்விடும். தோலை உரித்துப் பதப்படுத்தி உருவம் செய்தாலும் அதே கதைதான். மேலே சாயம் பூசித்தான் உயிருள்ளதுபோல் காட்ட வேண்டும். ஆகவே மீனின் நிறத்தை அது கரைக்கு வந்த உடனேயே குறித்துவிட வேண்டும். மறுநாள் குறிக்கலாம் என்றால் நிறம் நமக்காகக் காத்திராது.

நிறத்தைக் காக்க நல்ல துணை ஓவியம். சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக 1819 முதல் 1823 வரை இருந்த வில்லியம் பார்க்குவார், அதற்கு முன் மலாக்காவில் இருந்தபோது செடி கொடிகளையும் பறவை விலங்குகளையும் மீன்களையும் வரையச் செய்தார். அந்த 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் உடைமை. மீன்களின் வண்ணம் இன்றும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் வரைந்த சீன ஓவியர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மீனுக்குப் பெயர் உண்டு, எசமானுக்குப் பெயர் உண்டு. கையால் உழைத்தவருக்குப் பெயர் இல்லை! தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இந்தக் குறை புரியாமலா போகும்? நம் பாட்டன் பூட்டன் நட்ட ரப்பர் மரங்களில் யார் பெயர் எழுதியிருந்தது?

மாலையில் பிடோக் படகுத்துறைக்குப் போனோம். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் வரிசையாகத் தூண்டில் போட்டு நின்றார்கள். ஒருவருக்கு நல்ல மீன் ஒன்று மாட்டியது. ஈரத்துணியில் கிடத்தினார், அளவுநாடா வைத்தார், கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார், திரும்பக் கடலில் விட்டுவிட்டார். நம் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். "ஏன் சார், கறிக்குக் கொண்டுபோகாம விட்டுட்டாரு?" என்றாள் ஒரு மாணவி. நினைவு அவரிடம் தங்கிவிட்டது, மீன் கடலிலேயே இருந்துவிட்டது. இரண்டுக்கும் நட்டமில்லை. இக்காலத்தில் நீளமும் சுற்றளவும் படமும் இருந்தால் கண்ணாடியிழையில் அச்சு அசலாக ஒரு மீனைச் செய்து தருகிறார்கள். சுவரில் மாட்டுவதற்காக உயிரைக் கொல்ல வேண்டியதில்லை.

எடை போடத் தராசு இல்லையா? ஒரு கணக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழ ராத்தலில் வரும். 30 அங்குல நீளம், 16 அங்குலச் சுற்றளவு என்றால் 7,680-ஐ 800-ஆல் வகுக்க 9.6 ராத்தல். நான்கு கிலோவுக்குக் குறையாது. கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதோ ஒரு பதில்!

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். அமெரிக்காவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்றொரு தீவு ஊர். சுற்றுலா வந்தவர்கள் படகில் போய்ப் பிடித்த மீன்களைத் துறையில் பலகையில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். லோரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர் 1956 முதல் 2007 வரை எடுத்த அப்படிப்பட்ட படங்களைத் தேடி எடுத்து, தொங்கும் மீன்களை அளந்து பார்த்தார். தொடக்கத்தில் ஒரு மீனின் சராசரி எடை 19.9 கிலோ. 2007-இல் 2.3 கிலோ! 2009-இல் இந்த ஆய்வை வெளியிட்டார். ஆளுயர மீன் இருந்த பலகையில் முழங்கை நீள மீன். மனிதர்கள் முகத்தில் சிரிப்பு மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஏன்? பழைய மீனைப் பார்த்திராதவனுக்குச் சின்ன மீனே பெரிய மீன். கடலியல் அறிஞர் டேனியல் பாலி 1995-லேயே இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறையும் தான் தொடக்கத்தில் கண்டதையே முழு வளம் என்று எண்ணிக்கொள்கிறது. இழந்தது எவ்வளவு என்பதே தெரியாமல் போகிறது என்றார்.

நம் தோட்டத்திலும் இது நடக்கிறது. ஆற்றோர லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். இளமையில் நம் ஆற்றிலே தாப்பா பிடித்த கதையைச் சொல்வார். வாளை இனத்து மீன் அது. "இம்மாம் பெருசு வாத்தியாரே, ரெண்டு பேரு கழியில கட்டித் தூக்கியாந்தோம்" என்று கையை விரிப்பார். தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கை இன்னும் கொஞ்சம் விரியும். இளைஞர்கள் சிரிப்பார்கள். அவர் காலமாகிவிட்டார். படமும் இல்லை, அளவும் இல்லை, ஆண்டும் தெரியாது. இன்று அந்த ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர். "இங்கே தாப்பா இருந்தது, ஆற்றைச் சுத்தம் செய்யுங்கள்" என்று நாம் கேட்டால், "சும்மா கதை விடாதீங்க சார்" என்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். நம்பிக்கை இருக்கிறது, காட்டுவதற்குச் சான்றுதான் இல்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, அடுத்த தவணையில் நாம் ஒரு வேலை செய்யப்போகிறோம். ஜப்பானில் கியோத்தாக்கு என்று ஒரு கலை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஷோனாய் வட்டாரத்துச் சாமுராய் வீரர்கள் தாங்கள் பிடித்த பெரிய மீனை மையில் தோய்த்துத் தாளில் பதித்துவைத்தார்கள். மீனின் அளவை மீனே சொல்லும்; கை விரிக்க வேலையில்லை! செய்முறையும் எளிது. செதில் பெரிதாக உள்ள மீனாகப் பார்த்து உப்புப் போட்டு வழவழப்பைக் கழுவுங்கள். துடைத்துக் காயவைத்து, செவுளில் பஞ்சு வைத்து, துடுப்புகளைக் குண்டூசியால் விரித்து நிறுத்துங்கள். தலையிலிருந்து வாலை நோக்கி மையை மெல்லியதாகப் பூசி, மெல்லிய தாளைப் போர்த்தி, விரலால் மெதுவாகத் தடவி எடுங்கள். கண்ணை மட்டும் பிறகு தூரிகையால் வரையுங்கள். கீழே ஐந்து வரி எழுத வேண்டும்: மீனின் பெயர், கிடைத்த இடம், நாள், அளவு, பிடித்தவர் பெயர். கடையில் வாங்கிய மீனா? "கடையில் வாங்கியது" என்றே எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக்கூடாது.

பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய படங்கள் இருக்கும். மீனோடு நிற்கும் அப்பா, பால் வாளியோடு நிற்கும் அம்மா, கோவில் திருவிழாக் கூட்டம். இன்று இரவே அவற்றைத் திருப்பி, பின்னால் பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும், பென்சில்தான் நல்லது. சொல்லக்கூடிய பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பரிசு கிடைக்காத பிள்ளைகளே, மனம் தளரவேண்டாம். நான் சொன்ன ஐந்து வரியை எழுதி முதலில் என்னிடம் கொண்டுவருகிறவருக்கு ஒரு நல்ல குறிப்புப் புத்தகம் என் செலவில் காத்திருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் நாளையும் நானே எழுதித் தருகிறேன்.